பூஜைக்கு வந்த பாட்டரி

அரைத்த சந்தனத்தின் மீது பாட்டரி ஆசிடின் நெடி ஏறினால் ஒரு வாசனை வரும். மூக்கின் நுனியில் சுருக்கென்று குத்திவிட்டு, அடுத்த மூச்சிலேயே கோயில் பிராகாரத்துக்குள் நுழைந்த மாதிரி குளிர வைக்கும். அந்த வாசனையை முகர்ந்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நான் முகர்ந்திருக்கிறேன், அதுவும் ஒரே ஒரு வருஷம், ஐம்பதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கூடத்தில். அப்போது எனக்கு ஒன்பது வயது. அன்றைக்கு வந்த குழப்பம் இத்தனை வயதுக்கு மேலும் தீர்ந்தபாடில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா வடக்கே எங்கோ அணை கட்டும் இடத்தில் வேலையாக இருந்தார். அதனால் அம்மாவும் நானும் அடையவளஞ்சான் வீதியில் பெரியப்பா வீட்டோடு இருந்தோம். பெரியப்பாவுக்குத் திருச்சி பெரிய கடை வீதியில் இரும்புச் சாமான் கடை. பெரியம்மா காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை, என் தனம் அத்தை, கல்யாணம் ஆகாமல் அந்த வீட்டில்தான் இருந்தாள். இந்த நான்கு பேருக்கும் மேலே, வாசல் வேப்ப மரத்தடியில் ஐந்தாவது ஆளாக ஒரு கறுப்புக் கார் நின்றது. சென்னைக்குக் குடிபோன ஒரு டாக்டரிடமிருந்து பெரியப்பா வாங்கியது. எங்கள் வீட்டுக்கு வழி கேட்பவர்களுக்குத் தெருவில் 'கார் நிக்கிற வீடு' என்றுதான் சொல்வார்கள். நிற்கிற வீடு என்று சொன்னதில் ஒரு கேலியும் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்தக் காருக்கு மூக்கின் மேல் கோபம். மழை பெய்தால் கிளம்பாது. முக்கொம்புக்குப் போகும்போது சமர்த்தாகப் போய்விட்டுத் திரும்பும்போது மக்கர் பண்ணும். பெரியப்பா அதனிடம் மனுஷரிடம் பேசுவதுபோல் பேசுவார். "இன்னிக்கு என்னடா உனக்கு? வயித்த வலியா?" என்று பானெட்டைத் தட்டிக் கேட்பார். எங்களிடம் அவர் அவ்வளவு இதமாகப் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த வருஷம் நவராத்திரிக்கு முன்பாக வீட்டுக்கு ஒரு 'ஆர்டர்' வந்தது. தபால்காரர் கொடுத்த அந்தப் பழுப்பு உறையைப் பிரித்த அத்தை, அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள், மறுபடியும் அழுதாள். டீச்சர் ட்ரெயினிங் முடித்துவிட்டு மூன்று வருஷமாக வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அத்தைக்கு மணப்பாறைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. அங்கேயே விடுதியில் தங்கிக்கொள்ளலாம். தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் திங்கட்கிழமை காலையில் அவள் அங்கே கையெழுத்துப் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பெரியப்பாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "பொண்ணு பார்க்க வர்றவன் பொண்ணு எங்கேன்னு கேட்டா, மணப்பாறையில ஹாஸ்டல்ல இருக்குன்னு சொல்றதா?" என்றார். அத்தை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். அம்மா நடுவில் புகுந்து என்னென்னவோ சமாதானம் சொன்னாள். மூன்றாவது நாள் பெரியப்பா பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"சனிக்கிழமை விஜயதசமி. ஏழரைக்கு மேல ஒன்பதுக்குள்ள நல்ல நேரம். பூஜை போட்ட வண்டியில நானே ஜங்ஷன்ல கொண்டுபோய் ரயில் ஏத்தி விடுறேன். ஒரு தடங்கலும் இல்லாம கிளம்பிட்டா போகட்டும். ஏதாவது தடங்கல் வந்துச்சுன்னா, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கப்படாது. என்னம்மா?"

அத்தை சரி என்று தலையாட்டினாள். சனிக்கிழமை ஒன்பதுக்கு மேல் ராகு காலம். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். திங்கட்கிழமை போனால் நேரம் தப்பிவிடும். ஆகவே அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் அத்தையின் வேலை இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. கடையிலிருந்து தராசு, படிக்கல், முழக்கோல் எல்லாம் வீட்டுக்கு வந்தன. தையல் மிஷின், அரிவாள்மனை, கத்தரிக்கோல், டார்ச் லைட் என்று வேலை செய்கிற சாமான் ஒன்று பாக்கியில்லாமல் கூடத்தில் வரிசை கட்டி உட்கார்ந்தன. ஒரு பக்கம் மணைப் பலகையில் எல்லோருடைய புத்தகங்களையும் அடுக்கி, மேலே அம்மாவின் பட்டுப் புடவையைப் போர்த்தியிருந்தது. அத்தை தன் ஆர்டரை என் கணக்குப் புத்தகத்துக்கும் நோட்டுக்கும் நடுவில் செருகி வைத்ததை நான் பார்த்தேன்.

அப்போதுதான் பெரியப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. எல்லாச் சாமானும் உள்ளே வந்து பூஜை வாங்கிக்கொள்ளும்போது கார் மட்டும் வேப்ப மரத்தடியில் அநாதையாக நிற்கிறதே என்று அவருக்குத் தாங்கவில்லை. காரைக் கூடத்துக்குள் கொண்டுவர முடியாது. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, "வண்டிக்கு உயிர் எது? பாட்டரிதானே? உயிர் உள்ள வந்தா போதும்" என்றார். கடை ஆளை விட்டு ஒயரைக் கழற்றி, இரண்டு பேராகத் தூக்கி, அந்தக் கனத்த கறுப்புப் பெட்டியைக் கோணிச் சாக்கின் மேல் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா முகம் சுளித்துக்கொண்டே சுற்றிலும் கோலம் போட்டாள். "கற்பூரத்தை மட்டும் இதுக்குக் கிட்ட கொண்டுவந்துடாதே. வெடிச்சுரும்" என்று பெரியப்பா சொன்னதும் அம்மா பாதிக் கோலத்தோடு எழுந்து போய்விட்டாள்.

சாமான்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைக்கிற வேலை என்னுடையது. மற்றதற்கெல்லாம் ஒரு பொட்டு வைத்துக்கொண்டே வந்த நான், பாட்டரிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டேன். பெட்டியின் மேலே ஈயத்தில் இரண்டு குமிழ்கள், சின்னச் சின்ன மொட்டைத் தலைகள் மாதிரி இருந்தன. நாளைக்கு அத்தை போகப் போவது இதன் தயவில்தான் என்று நினைத்தபோது ஒற்றைப் பொட்டோடு விட மனம் வரவில்லை. சந்தனக் கல்லில் மிச்சம் இருந்ததையெல்லாம் வழித்து, இரண்டு தலைகளுக்கும் சுற்றிலும் ஈயமே தெரியாதபடி அப்பி, உச்சியில் குங்குமம் வைத்து, "அத்தையை நல்லபடியாக் கொண்டுபோய் விட்டுடு" என்று கும்பிட்டேன். அப்போது வந்ததுதான் அந்த வாசனை.

அதோடு எழுந்து போயிருந்தால் தேவலை. அம்மா நைவேத்தியம் எடுக்க உள்ளே போயிருந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. வீட்டையே இரண்டாக்கிய அந்த ஆர்டரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கவேண்டும்போல் இருந்தது. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடக்கூடாது, ஒரு எழுத்துக்கூடப் படிக்கக் கூடாது. பொரி கட்டி வந்த காகிதத்தைக்கூட அம்மா திருப்பிப் போட்டு வைப்பாள். இதெல்லாம் தெரிந்தே, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பட்டுப் புடவைக்குள் கைவிட்டு அந்தக் காகிதத்தை எடுத்துப் பிரித்தேன். முழுக்க இங்கிலீஷ். மிஷினில் அடித்த எழுத்தில் அத்தை பெயரை மட்டும் கூட்டிப் படித்தேன். கீழே ஒரு கையெழுத்து, பக்கத்தில் வட்ட முத்திரை. அவ்வளவுதான். மடித்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ராத்திரி படுத்த பிறகு குழப்பம் ஆரம்பித்தது. அர்த்தம் புரியாமல் படித்தால் அது படித்ததாகுமா? பெயரை மட்டும் படித்தால் பாதிப் பாவமா, முழுப் பாவமா? இதை யாரிடமும் கேட்கவும் முடியாது. பக்கத்தில் படுத்திருந்த அத்தை, ரயிலில் சாப்பிட எலுமிச்சம்பழச் சாதம் கட்டவேண்டும் என்று அம்மாவிடம் இருட்டில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்கக் கேட்க நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் மறு பூஜை முடிந்தது. எல்லோரும் புத்தகத்தை எடுத்து ஒரு வரியாவது படிக்கவேண்டும். நான் வாயைத் திறக்காமல் உதட்டை மட்டும் அசைத்தேன். பெரியப்பா பாட்டரியைத் தானே காரில் ஏற்றி, ஒயர் முனையில் இருந்த இரண்டு வளையங்களையும் சந்தனம் பூசிய அந்தத் தலைகளின் மேல் அழுத்தி மாட்டி, ஸ்பானரால் இறுக முடுக்கினார். அதன் மேல் புதிதாக ஒரு குங்குமப் பொட்டும் வைத்து, ஒரு முழம் கதம்பத்தையும் சுற்றினார். இந்தக் குங்குமத்தையும் கதம்பத்தையும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏழரைக்கு அத்தை புதுக் கைத்தறிப் புடவையில் பெரியப்பா காலில் விழுந்து எழுந்து, வலது காலை வைத்துக் காரில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். தகரப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டாள். நானும் ஜங்ஷன் வரை போகலாம் என்று அனுமதி கிடைத்து, பக்கத்தில் ஏறினேன். பெரியப்பா சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்து, சாவியைத் திருப்பி, 'செல்ப்' பொத்தானை இழுத்தார்.

டக் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை.

மறுபடி இழுத்தார். அந்த டக்கும் இல்லை. எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் மஞ்சளாக உட்கார்ந்திருந்தன. சாவியைத் திருப்பினால் முன்பக்கம் இருந்த குட்டி சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. ஹார்னை அழுத்தினால் சளி பிடித்த ஆள் முனகுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. "விளக்கு எரியுதே, அப்ப கரண்ட் இருக்குதானே? இருந்தா ஏன் இப்படி?" என்று பெரியப்பா தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அவருக்கும் அது புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்துவிட்டது. நான் படித்தேன் அல்லவா, அதுதான்.

கடை ஆள் சைக்கிளில் பறந்தான். மாம்பழச் சாலையில் ஒரு பட்டறை உண்டு. அங்கே வேலை பார்த்த அந்தோணி அண்ணனைத்தான் இந்தக் காருக்கு எப்போதும் கூப்பிடுவோம். பட்டறைக்கு விடுமுறை என்றாலும் அவர் பின்னால் ஒரு அறையில்தான் குடியிருந்தார். ஒல்லியாக, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவையோடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வந்து இறங்கியபோது மணி எட்டு.

பானெட்டைத் திறந்ததும் முதலில் அவர் கண் பாட்டரி மேல்தான் போனது. கதம்பத்தையும் குங்குமத்தையும் பார்த்து, "பூஜை பலமா போட்டிருக்கீங்க போல" என்று சிரித்தார். "டெர்மினல் டைட்டா இருக்குங்களா ஐயா?"

"நானே என் கையால முடுக்கினேன். பூஜை ஆன இடம், அதைக் கலைக்க வேணாம். வேற பாரு" என்றார் பெரியப்பா.

அந்தோணி அண்ணன் பூவில் விரல் படாமல் வளையத்தை அசைத்துப் பார்த்தார். மலை மாதிரி அசையாமல் இருந்தது. அவர் பட்டறையிலும் லாரிகளுக்கெல்லாம் ஆயுத பூஜை போடுவார்கள். பாட்டரி மேலும் ஒரு பொட்டு வைப்பார்கள். வளையம் மாட்டிய பிறகு மேலே வைக்கிற பொட்டு அது. இங்கேயும் அப்படித்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். பாட்டரி கூடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த கதை அவருக்கு எப்படித் தெரியும்? பெரியப்பாவுக்கோ, சந்தனம் வைத்த இடத்தில் தெய்வம்தான் இருக்கும்; அங்கே கோளாறு இருக்கும் என்று தோன்றவே தோன்றாது.

பிறகு நடந்த தேடலை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது உயிர் போய்க்கொண்டிருந்தது. பிளக்குகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் துடைத்து மாட்டினார். ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போய்ச் சேரும் இடம் வரை தடவிப் பார்த்தார். 'பாயிண்ட்' என்று ஒன்றை உப்புக் காகிதத்தால் தேய்த்தார். "செல்ப் மோட்டார் போயிருக்குமோ?" என்று வண்டிக்கு அடியில் படுத்து ஒரு கட்டையால் தட்டினார். அவர் தட்டும்போது பெரியப்பா அழுத்திய ஹார்ன் ஒரு தடவை ஊரைக் கூட்டும்படி கத்தியது. ஆகா என்று எல்லோரும் நிமிர்ந்தோம். அடுத்த தடவை அழுத்தினால் முனகல்கூட இல்லை. "வருது, போகுது, வருது, போகுது. எனக்கே தலைகால் புரியலைங்க ஐயா" என்றார் அந்தோணி அண்ணன், வண்டிக்கு அடியிலிருந்தே.

"தள்ளிப் பாத்துரலாம்" என்றார் பெரியப்பா.

அத்தை இறங்கக் கூடாது. நல்ல நேரத்தில் வலது காலை வைத்து ஏறியவள் போய்ச் சேருமுன் இறங்கினால் அதுவே ஒரு தடங்கல். ஆகவே அவளை உள்ளே வைத்துக்கொண்டே, அந்தோணி அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, தெரு ஆட்கள் ஏழெட்டுப் பேர் காரைத் தள்ளினார்கள். எலுமிச்சம்பழங்கள் அப்போதுதான் நசுங்கின. அடையவளஞ்சான் வீதியில் கிழக்கே ஒரு தடவை, மேற்கே ஒரு தடவை என்று பிள்ளையார் புறப்பாடு மாதிரி நாங்கள் போய்வந்தோம். அத்தை நேராகப் பார்த்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பையன்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தாள். அவள் மடியில் இருந்த கை மட்டும் என் கையை எலும்பு வலிக்கும்படி பிடித்திருந்தது.

பெரியப்பா சட்டை நனைந்து, முழங்கை வரைக்கும் கரி அப்பி, காரைத் திட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். "கிளம்புடா, என் மானத்தை வாங்காதே" என்பார். அடுத்த நிமிஷம், "கிளம்பாட்டிப் போ, எனக்கென்ன" என்பார். கிளம்பவேண்டும் என்று திட்டினாரா, கிளம்பக்கூடாது என்று திட்டினாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. கார் கிளம்பினால் தங்கை போய்விடுவாள். கிளம்பாவிட்டால் தெருவே பார்க்கப் பூஜை போட்ட கார் அவரைக் கைவிட்டதாகும். பாவம், அவருக்கும் அது தெரிந்திருக்காது.

மறுபடி வேப்ப மரத்தடிக்கே வந்து நின்றபோது மணி எட்டே முக்கால். பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்கதவின் பக்கம் வந்தார். குரல் தழைந்திருந்தது. அவர் கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"பூஜை போட்ட வண்டியே போகாதேங்குது. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? இறங்கும்மா தனம்."

அத்தை என் கையை விட்டாள். அந்தக் கை என் கையை விட்டதும் எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

"அத்தை மேல தப்பு இல்ல பெரியப்பா. நான்தான் படிச்சிட்டேன். பூஜையில இருந்த ஆர்டரை எடுத்துப் படிச்சிட்டேன்!"

கூடியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். அம்மா, "அடிப் பாவி" என்று வாயில் கை வைத்தாள். நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு, கேட்டது கேட்காதது எல்லாவற்றையும் கொட்டினேன். பாட்டரிக்குச் சந்தனம் அப்பி முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பட்டுப் புடவைக்குள்ளிருந்து எடுத்தேன், பெயரை மட்டும்தான் படித்தேன் என்று விக்கி விக்கிச் சொன்னேன்.

அந்தோணி அண்ணன் மட்டும் ஆர்டரைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஜன்னலில் தலையை நுழைத்து, "இரு பாப்பா. சந்தனம் அப்புறப்ப பாட்டரி எங்க இருந்துச்சு?" என்றார்.

"கூடத்துல. பூஜையில."

"அப்ப ஒயர் மாட்டியிருந்துச்சா?"

"இல்ல. ரெண்டு மொட்டைத் தலை இருந்துச்சு. அதைச் சுத்தி அப்பினேன்."

"எவ்வளவு அப்பினே?"

"கல்லுல இருந்தது எல்லாம்."

அந்தோணி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயா, வளையத்துக்கும் தலைக்கும் நடுவுல சந்தனம் காய்ஞ்சு கெடக்கு. ஈயமும் ஈயமும் ஒட்டினாத்தானே கரண்ட் பாயும்? குட்டி விளக்கு எரியிற அளவுக்குக் கசியுது, அவ்வளவுதான். துடைச்சுட்டா அடுத்த நிமிஷம் கிளம்பிரும்."

எல்லோரும் பெருமூச்சு விட்டோம். ஆனால் பெரியப்பா அசையவில்லை. "பூஜைச் சந்தனத்தைத் துடைக்கிறதா? விஜயதசமியும் அதுவுமா? அவ புறப்படுற நேரத்துல வச்ச சந்தனத்தை அழிச்சுட்டு, எந்த மூஞ்சியோட அவளை வண்டியில அனுப்புறது?"

"அப்ப நீங்களே துடைங்க ஐயா. நான் வேதக்காரன். நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு தலைவலி வந்தாலும் என் கை பட்டுச்சும்பீங்க." சொல்லிவிட்டு அவர் வளையங்களின் திருகை மட்டும் தளர்த்தி, கதம்பத்தோடு அவற்றைத் தூக்கி ஓரமாக வைத்தார். அவருடைய மரியாதை அவ்வளவுதான் அனுமதித்தது.

அம்மா பின்னால் நகர்ந்துகொண்டாள். தெரு ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரியப்பா கையை நீட்டினார், மடக்கிக்கொண்டார். உள்ளே உட்கார்ந்திருந்த அத்தை இறங்க முடியாது; இறங்கினால் எல்லாம் முடிந்தது. கையெட்டும் தூரத்தில் ஒரு பிடிச் சந்தனம் இருக்க, அத்தனை பெரியவர்களும் மரம் மாதிரி நின்றார்கள்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. நான்தான் ஏற்கெனவே பாவம் செய்தவள். இத்தனை பேரில் இனிமேல் கெட்டுப்போக ஒன்றும் இல்லாத ஆள் நான் ஒருத்திதான். கதவைத் திறந்துகொண்டு குதித்தேன். முன்பக்கம் ஓடி, மரத்தடியில் கிடந்த ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, பூஜைக்கென்று எடுத்த புதுப் பச்சைப் பாவாடையின் ஓரத்தால் ஒரு தலையையும் மறு தலையையும் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. முந்தின நாள் வாசனை மறுபடி எழுந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுக்கவில்லை என்பதையும், முடிந்ததும் பெரியப்பா, "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று மெதுவாகக் காட்டியதையும் நான் மறக்க மாட்டேன்.

அந்தோணி அண்ணன் மிச்சத்தைக் கத்தியால் சுரண்டி, வளையத்தை மாட்டி முடுக்கினார். பெரியப்பா போய் உட்கார்ந்து பொத்தானை இழுத்ததும் கார் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு உறுமியது. தெருவே கை தட்டியது. ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாங்கள் தெரு முனை தாண்டினோம். காவேரிப் பாலத்தில் ஏறினோம். ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. அத்தை ஒரு காலணாவை எடுத்து ஜன்னல் வழியாக விட்டெறிந்துவிட்டு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஜங்ஷனில் ரயில் நகரும்போது பெரியப்பா, "போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்டு போடும்மா" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது காரிடம் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சாயங்காலம் பாவாடையைத் துவைக்கப் போட்ட அம்மா கூப்பிட்டுக் காட்டினாள். துடைத்த ஓரத்தில் ஆசிட் பட்டுச் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. "பாத்தியா, சரஸ்வதி தண்டனை குடுத்துட்டா" என்றாள். ஆர்டரைப் படித்ததற்கா, சந்தனத்தைத் துடைத்ததற்கா, எதற்கு அந்தத் தண்டனை என்று கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "போய்ப் படிக்கிற வழியைப் பாரு" என்றாள்.

என் குழப்பம் அங்கேதான் முடிச்சாக விழுந்தது. பக்தியோடு அப்பிய சந்தனம் அத்தையைத் தடுத்து நிறுத்தியது. செய்யக்கூடாத காரியத்தைச் செய்து, அதற்குப் பயந்து உளறியதால்தான் உண்மை வெளியே வந்தது. நான் அன்றைக்கு அந்தக் காகிதத்தைத் தொடாத நல்ல பெண்ணாக இருந்திருந்தால், வாயைத் திறந்திருக்க மாட்டேன். அத்தையும் போயிருக்க மாட்டாள். பின்னால் நான் பௌதிகம் படித்து, அதையே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். சந்தனம் ஏன் மின்சாரத்தை விடவில்லை என்பதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்க என்னால் முடியும். மற்றதை விளக்க முடியவில்லை.

அத்தை கடைசிவரை வேலை பார்த்தாள். கல்யாணமும் செய்துகொண்டாள், அவளே பார்த்து, முப்பது வயதுக்கு மேல். தலைமையாசிரியையாக இருந்தபோது மாணவிகள் அவளைக் கண்டு நடுங்குவார்கள். அவ்வளவு திடமான மனுஷி, கார் கிளம்பியிருக்காவிட்டாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் நடந்தே ஜங்ஷனுக்குப் போயிருப்பாள் என்றுதான் நான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். காட்டூரில் அவள் வீட்டில் படுக்கையில் இருந்தபோது ஒருநாள் அதைச் சொல்லியும் விட்டேன். அத்தை சிரித்தாள்.

"போடி. நான் இறங்கிட்டேன். உன் கையை விட்டுட்டு ஒரு காலை வெளியே வச்சுட்டேன், நீ பாக்கல. நீ கத்தினதுலதான் உள்ள இழுத்துக்கிட்டேன்."

அந்தப் பேச்சுக்குப் பிறகு இரண்டு மாதத்தில் அத்தை போய்விட்டாள். பெரியப்பா எப்போதோ போய்ச் சேர்ந்தார். வேப்ப மரம் இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடம். மாம்பழச் சாலையில் அந்தோணி அண்ணனின் பட்டறை எது என்று என்னால் அடையாளம் காட்ட முடியவில்லை. என் மகனுடைய காரில் பாட்டரியின் தலைகள் மேல் பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கிறது. யார் எவ்வளவு சந்தனம் அப்பினாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது.

அத்தையின் தகரப் பெட்டி மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தது. அடியில், மடிப்புகளில் கிழிந்து போய், அந்த ஆர்டர் இருந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் கட்டைவிரல் அளவுக்கு மஞ்சள் கறை. நான் அன்றைக்குக் கையைச் சரியாகத் துடைக்கவில்லை. அப்படியென்றால் அத்தை மணப்பாறைக்குப் போய்ச் சேர்ந்து காகிதத்தைப் பிரித்தபோதே அதைப் பார்த்திருப்பாள். பார்த்தும், ஆர்டரைக் கறையாக்கிவிட்டாயே என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் அந்தக் காகிதத்தைப் புத்தகங்களுக்கு நடுவில் வைக்கிறேன். வீட்டில் எல்லோரும் அந்தப் பக்கம் போனதும், பட்டுத் துணிக்குள் கையை விட்டு எடுத்து, முதல் எழுத்திலிருந்து வட்ட முத்திரை வரை ஒன்று விடாமல் படிக்கிறேன். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அதைப் படிப்பது. கறை வெளுத்துக்கொண்டே வருகிறது. போன வருஷம் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் கண்டுபிடித்தேன். மூக்கின் பக்கத்தில் வைத்தும் பார்த்தேன். பழைய காகிதத்தின் வாசனைதான் வந்தது.